கண்டக்டர் படிப்பு: ஹெல்சின்கியா, வியன்னாவா, ஜெர்மன் ஓபராவா?

தமிழில் ‘நடத்துநர்’ என்று எழுதினால் விசில் ஊதி டிக்கெட் கிழிக்கிறவர்தான் முதலில் நினைவுக்கு வருவார். ‘கண்டக்டர்’ என்று எழுதினாலும் அதே கதைதான். இரண்டில் எது பரவாயில்லை என்று யோசித்து, இசைக்காரர்கள் வாயில் வருகிற சொல்லையே வைத்துக்கொள்கிறேன். எண்பது பேர் வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால், தான் மட்டும் ஒரு சத்தமும் எழுப்பாமல் நிற்கிறாரே, அந்த ஆளாக ஆவதற்கு எங்கே போய்ப் படிப்பது என்பதுதான் விஷயம்.

கேள்வி என்னுடையது அல்ல. ஜெர்மனியில் நான் இருக்கும் ஊரில் ஒரு அமெச்சூர் ஆர்க்கெஸ்ட்ரா உண்டு. பல் டாக்டர், பள்ளிக்கூட ஆசிரியர், என்னைப் போல கம்ப்யூட்டர் ஆசாமி எல்லாம் கலந்த கூட்டம். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆனால் பிராம்ஸின் சிம்பொனி. நான் இரண்டாம் வயலின், கடைசி வரிசை. எங்களோடு செல்லோ வாசிக்கும் 21 வயதுப் பெண் ஒருத்தி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கே பிறந்தவள், கண்டக்டிங் படிக்கப் போகிறேன் என்று ஒருநாள் சொன்னாள். கையில் மூன்று ஊர் வைத்திருந்தாள்: பின்லாந்தின் ஹெல்சின்கி, ஆஸ்திரியாவின் வியன்னா, ஜெர்மனியிலேயே வைமார். அந்த ஞாயிறே அவள் அப்பா போன் செய்துவிட்டார். “உதுக்குப் படிச்சு வேலை கிடைக்குமோ, தம்பி?”

அவருக்கு அன்று சரியான பதில் சொல்லவில்லை. அவளுக்காக மூன்று இடங்களையும் அலசியபோது கிடைத்தவைதான் இவை.

முதலில் இந்தப் படிப்பில் உள்ள ஒரு வினோதத்தைச் சொல்ல வேண்டும். வயலின்காரன் ராத்திரி பதினோரு மணிக்கும் வீட்டில் சாதகம் பண்ணலாம். பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவார், அவ்வளவுதான். கண்டக்டரின் வாத்தியமோ மூச்சு விடுகிற அறுபது மனிதர்கள். அவர்களை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. கண்ணாடி முன் நின்று குச்சியை ஆட்டலாம். கண்ணாடி தாமதமாக வராது, முறைக்காது, ‘எந்த பார்?’ (நம் ஊர்க் கணக்கில் எந்த ஆவர்த்தனம்) என்று கேட்காது. ஆகவே எந்தக் கல்லூரி என்று பார்க்கும்போது, ஆசிரியர் பெயருக்கும் கட்டடத்தின் வயதுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று: வாரத்தில் எத்தனை நிமிஷம் உயிருள்ள ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன் நிறுத்துவீர்கள்? இந்தக் கேள்விக்கு மூன்று ஊர்களும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கச்சேரி கேட்டுப் பழகிய நமக்கு இது தடுக்கும். சபாவில் முன்வரிசை மாமி தொடையில் தாளம் போடும்போது, கை விழும் இடமும் பாட்டு விழும் இடமும் ஒன்று. நடப்பதைக் கை உறுதி செய்கிறது. கண்டக்டரின் கை அதைச் செய்யக் கூடாது. அடுத்து வரப்போவதை அது ஒரு துடிப்பு முன்னாடியே காட்ட வேண்டும்: எவ்வளவு வேகம், எவ்வளவு சத்தம், வெட்டா இழைவா, எல்லாம் அந்த ஒரு மேல்நோக்கிய அசைவில். வாசிப்பவர்கள் அதைப் பார்த்து மூச்சு இழுத்து, அப்புறம் வாசிக்கிறார்கள். தாளம் போடத் தெரிந்தவன் கண்டக்ட் பண்ண வந்தால் முதல் ஆறு மாதம் ஆர்க்கெஸ்ட்ராவைப் பின்தொடர்ந்துகொண்டே இருப்பான். எங்கள் பெண் அம்மாவின் ஆசைக்காக மிருதங்கமும் கொஞ்சம் படித்தவள். அவளுக்கும் இதுதான் நடந்தது.

ஹெல்சின்கிக்கு வருவோம். சிபேலியஸ் அகாடமியின் தொடக்கம் 1882. இப்போது கலைப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. பின்லாந்தின் மொத்த மக்கள்தொகை சுமார் 55 லட்சம். அந்தக் கூட்டத்திலிருந்து ஏசா-பெக்கா சாலொனென், யுக்கா-பெக்கா சாரஸ்தே, சகாரி ஒராமோ, சுசன்னா மால்க்கி, கிளவுஸ் மாகெலா என்று உலக மேடைகளில் வரிசையாக ஆட்கள் வருகிறார்கள் என்றால் ஏதோ ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்துக்குப் பெரும்பாலானோர் சொல்லும் பெயர் யோர்மா பானுலா. 1973 முதல் சுமார் இருபது வருடம் அங்கே பேராசிரியர்.

அவர் செய்தது கேட்க எளிமையாக இருக்கும். வகுப்புக்கென்று ஒரு சிறிய மாணவர் ஆர்க்கெஸ்ட்ரா. வாரந்தோறும் ஒவ்வொருவரும் அதன் முன் ஏறி நிற்க வேண்டும். எல்லாவற்றையும் வீடியோ எடுப்பார்கள். அப்புறம் உட்கார்ந்து பார்ப்பார்கள். பானுலா அதிகம் பேசமாட்டாராம், வீடியோ பேசிவிடும். தன் கை தான் நினைத்ததைக் காட்டவில்லை என்று பார்க்கும் கணத்தின் அவமானத்தைவிடப் பெரிய ஆசிரியர் வேறு யார்? தங்கள் முறை இல்லாதபோது மாணவர்களே அந்த ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார்ந்து வாசிப்பார்கள். நேற்று நான் உன் முன் உளறினேன், இன்று நீ என் முன். கண்டக்டருக்கான பெட்டி மேல் நிற்பவனின் உளறல் கீழே உட்கார்ந்தவனுக்கு எப்படிக் கேட்கிறது என்பதை இரண்டு பக்கமும் தெரிந்துகொள்கிறார்கள்.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: ஆர்க்கெஸ்ட்ரா வாத்தியம் ஒன்றை நன்றாக வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சாலொனென் ஹார்ன்காரர். ஒராமோ பின்லாந்து வானொலி ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் வயலின் தலைவர். 1993இல் அதே ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன் வேறொருவருக்குப் பதிலாக ஏறி நின்றுதான் கண்டக்டராக அறியப்பட்டார். மால்க்கி ஸ்வீடனின் யோத்தபோரி ஆர்க்கெஸ்ட்ராவின் முதன்மை செல்லோ. மாகெலாவும் செல்லோ, சிறுவனாக இருக்கும்போதே, பதின்வயது தொடங்கும் நேரத்தில், பானுலாவிடம் போய்விட்டார். 1996இல் பிறந்தவர், 2020இல் ஒஸ்லோ ஃபில்ஹார்மோனிக்கின் தலைமைக் கண்டக்டர். செல்லோவின் பெயரைக் கேட்டதும் எங்கள் பெண்ணின் முகம் மலர்ந்ததை மறைக்க முடியவில்லை.

எனக்கு ஹெல்சின்கி பற்றிய ஒரே சந்தேகம் ஓபரா, அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகம். அங்கிருந்து வருகிறவர்கள் சிம்பொனி மேடைக்குத் தயாராக வருகிறார்கள். ஒரு பாடகி மூச்சு போதாமல் அரை பார் முன்னே ஓடும்போது ஆர்க்கெஸ்ட்ராவை அவள் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடும் வித்தை வேறு. அது வேறு ஊரில் கற்றுக்கொள்ள வேண்டியது.

வியன்னாவின் கதை நமக்குக் கொஞ்சம் பக்கமானது. பம்பாயில் 1936இல் பிறந்த கண்டக்டர் சுபின் மேத்தா, டாக்டருக்குப் படிக்கத் தொடங்கி, அதை விட்டுவிட்டு 1954இல் 18 வயதில் வியன்னா போனார். அப்பா மெஹ்லி மேத்தா பம்பாய் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை நிறுவிய வயலின் கலைஞர், எனவே வீட்டில் ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியங்களின் பங்கையும் ஒன்றாக எழுதிய இசைப் புத்தகம், புழங்கியது. வியன்னாவில் ஆசிரியர் ஹான்ஸ் ஸ்வரொவ்ஸ்கி. இசையமைப்பாளர்கள் ஷோன்பெர்க்கிடமும் வெபர்னிடமும் படித்தவர். அவர் வகுப்பில் கை இரண்டாம் பட்சம், ஸ்கோர் முதல். ஒரு சிம்பொனியை எத்தனை எத்தனை பார்களாக இசையமைப்பாளர் கட்டியிருக்கிறார் என்று செங்கல் செங்கலாகப் பிரித்துப் பார்க்கச் சொல்வார். அங்கே எட்டு, இங்கே ஏழு, ஏன் ஏழு? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கையைத் தூக்காதே என்பதுதான் பாடம். அதே வகுப்பில் படித்தவர்களில் பின்னாளில் பெரிய கண்டக்டரான கிளாடியோ அப்பாடோவும் ஒருவர்.

அப்படியானால் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எங்கே போவது? மேத்தாவும் அப்பாடோவும் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். ஒத்திகைகளுக்கு வெளியாட்களை விடமாட்டார்கள். ஆனால் கோரஸில் பாடுகிறவர்களை வெளியே போ என்று சொல்ல முடியாது அல்லவா? வியன்னாவின் இசைச் சங்கமான முசிக்ஃபெராயினின் பாடகர் குழுவில் சேர்ந்துகொண்டார்கள். அன்றைய பெரிய கண்டக்டர்களான ப்ரூனோ வால்டரும் கராயானும் ஒத்திகை நடத்துவதை மேடையிலிருந்தே, நேர் எதிரே நின்று பார்த்தார்கள். மேத்தா டபுள் பாஸும் வாசித்தார். 1958இல் லிவர்பூல் போட்டியில் முதல் பரிசு. 1962இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மோனிக்கின் இசைத் தலைவர்.

வியன்னாவின் பலம் இப்போதும் கல்லூரிச் சுவர்களுக்கு வெளியேதான் அதிகம் என்பது என் கணிப்பு. வருடத்தில் பெரும்பாலான ராத்திரிகளில் ஸ்டாட்ஸ்ஓபர் என்ற அரசு ஓபரா அரங்கம் திறந்திருக்கும், நின்று பார்க்க மலிவு விலையில் இடம் உண்டு. கையில் ஸ்கோரோடு ஆறு மாதம் நின்றால் காலும் தேறும், காதும் தேறும். ஆனால் கண்டக்டிங் வகுப்பில், குறிப்பாக ஆரம்ப வருடங்களில், இந்த மரபுக் கல்லூரிகளில் எங்கும் நடப்பது இதுதான்: இரண்டு பியானோக்காரர்கள் முழு ஆர்க்கெஸ்ட்ராவின் பங்கையும் வாசிக்க, மாணவர் அவர்களுக்கு முன் நின்று கையசைப்பார். பியானோவில் விரல் பட்ட உடனே சத்தம் வரும். ஹார்ன்காரருக்கு மூச்சு வேண்டும், டபுள் பாஸின் தடித்த தந்தி அசையவே நேரம் வேண்டும். இரண்டு பியானோவில் கச்சிதமாக இருந்த கை, ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன் முதல் தடவை போகும்போது திணறுவதற்கு இதுதான் காரணம்.

அதற்காகப் பியானோ வகுப்பை ஏளனம் செய்யவும் முடியாது. லெனின்கிராடில், அதாவது இன்றைய பீட்டர்ஸ்பர்க்கில், இலியா முசின் பல பத்தாண்டுகள் பியானோ வகுப்பில்தான் மாணவர்களைச் செதுக்கினார். கெர்கியேவ், பிச்கோவ், கடைசிக் காலத்தில் குரென்சிஸ் என்று பேர்பெற்ற கண்டக்டர்கள் எல்லாரும் அவர் கையில் வளர்ந்தவர்கள். கையே பேச வேண்டும் என்ற பள்ளி அது. இன்றைய சூழலில் பீட்டர்ஸ்பர்க் போகச் சொல்லி அந்த அப்பாவிடம் நான் வாயைத் திறக்கப் போவதில்லை.

ஜெர்மனிக்கு வந்தால் காற்று மாறுகிறது. இங்கே கண்டக்டர் என்பவர் அடிப்படையில் ஒரு ஓபரா வீட்டு ஊழியர். பொதுப்பணத்தில் நடக்கும் தொழில்முறை ஆர்க்கெஸ்ட்ராக்கள் 129; சின்னச் சின்ன ஊர்களிலும் ஓபரா அரங்கம். அந்த வீட்டுக்குள் நுழையும் வாசல் பியானோ. முதலில் கொரெபெடிட்டோர், அதாவது பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் பாடம் ஏற்றுகிறவர். பிறகு, தேவைப்பட்டால் கண்டக்ட்டும் பண்ண வேண்டும் என்ற நிபந்தனையோடு அதே வேலை. பிறகு இரண்டாம் கப்பெல்மைஸ்டர் (அந்த வீட்டின் கண்டக்டர்), முதல் கப்பெல்மைஸ்டர், கடைசியில் அந்த வீட்டின் இசைத் தலைவர். அரசாங்க உத்தியோகப் படிக்கட்டு மாதிரி இருக்கும். எங்கள் பெண்ணின் அப்பாவுக்கு மூன்றில் இதுதான் பிடித்தது, ஆச்சரியமில்லை.

இந்தப் படிக்கட்டின் அழகு, ஏறியவர்களைப் பார்த்தால் தெரியும். கராயான் 1929இல் 20 வயதில் உல்ம் என்ற சிறிய ஊரின் அரங்கத்தில் தொடங்கி ஐந்து வருடம் அங்கே கிடந்தார். கிறிஸ்டியான் தீலமான் 19 வயதில் பெர்லினின் டாய்ச்ச ஓபர் அரங்கத்தில் கொரெபெடிட்டோர். எனக்கு மிகவும் பிடித்தது கிரில் பெட்ரென்கோவின் பாதை. ஓம்ஸ்க்கில் பிறந்த பியானோக்காரர், வியன்னாவில் படித்து, அங்கே ஃபோல்க்ஸ்ஓபர் அரங்கத்தில் கப்பெல்மைஸ்டர். 1999இல் ஜெர்மனியின் மைனிங்கனுக்கு இசைத் தலைவராகப் போனார். இருபதாயிரம் சொச்சம் பேர் வசிக்கும் ஊர். அங்கே 2001இல் வாக்னரின் ‘ரிங்’ ஓபராக்கள் நான்கையும் அடுத்தடுத்த நாலு நாளில் நடத்திக் காட்டினார். பெரிய அரங்கங்களே இடையில் ஓய்வு நாள் விட்டுத்தான் அதைச் செய்யும். 2019இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் தலைமை. ராத்திரி தோறும் மேடைக்குக் கீழே ஆர்க்கெஸ்ட்ரா உட்காரும் குழிக்குள் இறங்கி, ஒத்திகையே இல்லாமல், நேற்று வேறொருவர் நடத்திய ‘லா போஎம்’ ஓபராவை இன்று நடத்த வேண்டியவனுக்குக் கிடைக்கும் நிமிஷக் கணக்கை எந்தக் கல்லூரியும் தர முடியாது.

விலை என்ன? பியானோ. அதுவும் ஏதோ வாசிப்பேன் என்கிற பியானோ அல்ல. ஜெர்மன் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வில் ஸ்கோரைப் பார்த்துப் பியானோவில் வாசிக்கச் சொல்வார்கள். வயோலா வேறொரு கிளெஃபில் (கோடுகளில் எது எந்தச் சுரம் என்று சொல்லும் குறி), கிளாரினெட் எழுதியிருப்பது ஒரு சுரம் ஒலிப்பது வேறு சுரம், ஹார்ன் அதைவிட வேறு. எல்லாவற்றையும் கண்ணாலேயே மாற்றி விரலுக்குக் கொண்டுவர வேண்டும். ஓபராக் காட்சி ஒன்றைப் பியானோவில் வாசித்தபடி எல்லாப் பாத்திரங்களின் வரிகளையும் தானே பாடச் சொல்வதும் உண்டு. பிற்பாடு கொரெபெடிட்டோர் வேலைக்குப் போனாலும் ‘கார்மென்’ ஐவர் பாட்டு, ‘ஃபிகாரோ’ இரண்டாம் அங்கத்தின் முடிவு, ‘ரோசென்கவலியர்’ தொடக்கம் என்ற ஓபராத் துண்டுகள்தான் வழக்கமாகக் காத்திருக்கும். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. கடைசி வரிசையில் இருந்து சொல்கிறேன், பல கண்டக்டர்கள் பாடிக் காட்டுவது சித்திரவதை.

வைமார் இந்தப் படிக்கட்டுக்கு நல்ல அடித்தளம். அது இருக்கும் துரிங்கியா மாநிலத்தில் அடுத்தடுத்த ஊர்களில் ஆர்க்கெஸ்ட்ராக்கள் இருப்பதால் மாணவர்களுக்கு உண்மையான தொழில்முறை ஆர்க்கெஸ்ட்ரா முன் நிற்க வாய்ப்பு கிடைக்கிறது. தவிர, ஜெர்மன் இசை மன்றம் 1991 முதல் இளம் கண்டக்டர்களுக்கென்று ஒரு திட்டம் நடத்துகிறது. தேர்வானால் பல ஆர்க்கெஸ்ட்ராக்களோடு பட்டறை. ஜெர்மனியில் படிக்கும் ஒரே காரணத்துக்காகத் திறக்கும் கதவு இது.

லண்டன், அமெரிக்கா எல்லாம் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். லண்டன் ராயல் அகாடமி அருமையான இடம், ஆனால் மிகச் சிலரையே எடுப்பார்கள், செலவு பயமுறுத்தும். ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸில் 1928 முதல் படிப்புக் கட்டணமே கிடையாது. அதனாலேயே உலகமே விண்ணப்பிக்கும், கண்டக்டிங்கில் எடுப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். லாட்டரிச் சீட்டு வாங்குவதில் தப்பில்லை, அதை நம்பி வீடு கட்டக் கூடாது.

பணம் என்று வந்தால், எங்கள் பெண்ணிடம் ஜெர்மன் பாஸ்போர்ட் இருப்பதால் கவலை குறைவு. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்கள் வேறு கணக்குப் போட வேண்டும். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் 2017 முதல் அரையாண்டுக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள். ஸ்டுட்கார்ட், ஃப்ரைபுர்க் கல்லூரிகள் இதில் வரும். விசாவுக்கு ஒரு வருடச் செலவாக 2024 நிலவரப்படி 11,904 யூரோவை வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும். வியன்னாவில் அரையாண்டுக்கு 726.72 யூரோ. பின்லாந்தும் 2017 முதல் வெளியாரிடம் கட்டணம் வாங்குகிறது. மொழியையும் இந்தக் கணக்கில் சேருங்கள். வியன்னாவிலும் வைமாரிலும் ஜெர்மன் இல்லாமல் ஒத்திகையில் வாயைத் திறக்க முடியாது.

இந்த மூன்றுக்கும் வெளியே ஒரு நாலாவது வழி உண்டு. எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம். சைமன் ராட்டில் லண்டன் அகாடமியில் மாணவராக இருந்தபோது, 1973இல், சக மாணவர்களைக் கெஞ்சிக் கூட்டிச் சேர்த்து மாலரின் இரண்டாம் சிம்பொனியை நடத்தினார். வயது 18. மறுவருடம் ஒரு போட்டியில் வென்று தொழிலுக்குள் வந்துவிட்டார். வயலின் படித்த மரின் ஆல்சப்புக்குக் கண்டக்டிங் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. 1984இல் நியூயார்க்கில் கன்கார்டியா என்று சொந்தமாக ஓர் ஆர்க்கெஸ்ட்ராவையே தொடங்கினார். யாரும் பெட்டி மேல் ஏற்றவில்லை என்றால் பெட்டியைத் தானே செய்துகொள்வது. நண்பர்கள் பன்னிரண்டு பேர், ஒரு சர்ச் மண்டபம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் காப்புரிமை தீர்ந்த ஸ்கோர்கள், அப்புறம் எல்லாருக்கும் பீட்சா. பட்டம் கிடைக்காது, நிமிஷங்கள் கிடைக்கும்.

சரி, அப்பாவின் கேள்வி. வேலை கிடைக்குமா? ஜெர்மன் ஓபரா வழியில் கிடைக்க வாய்ப்பு உண்டு, கண்டக்டர் என்ற பெயரில் அல்ல, பியானோ பெஞ்சில். 1992இல் 168 ஆக இருந்த ஆர்க்கெஸ்ட்ராக்கள்தான் இப்போது 129 ஆகியிருக்கின்றன என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை. ஹெல்சின்கி வழியில் சம்பள வேலை என்பது எங்கேயாவது உதவிக் கண்டக்டர் பதவி, ஒரு போட்டி வெற்றி, அல்லது யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போவது. கடைசியாகச் சொன்னது கிண்டல் அல்ல. 1983இல் லண்டன் ஃபில்ஹார்மோனியாவுக்கு வர வேண்டியவர் வர முடியாமல் போக, சில நாள் அவகாசத்தில் மாலரின் மூன்றாம் சிம்பொனியோடு போய் நின்ற 25 வயதுக்காரர்தான் சாலொனென். அப்படி ஒரு போன் வரும்போது ஸ்கோர் தலையில் இருக்க வேண்டும். போன் வராமலே போகவும் செய்யும். “அப்ப செல்லோவையும் விடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ” என்றார் அப்பா. அது சரியான யோசனைதான்.

என் அபிப்பிராயம் இப்படிப் போனது. பியானோ விரல்களில் ஓடுகிற, பாடகர்களோடு மல்லுக்கட்டப் பிடித்த பிள்ளை என்றால் ஜெர்மன் வழி, கண்ணை மூடிக்கொண்டு. ஸ்கோரைப் பிரித்து மேயும் மண்டை, ஜெர்மன் மொழி, தானே வாய்ப்பைத் தேடிப் போகும் துணிச்சல் மூன்றும் இருந்தால் வியன்னா. ஆர்க்கெஸ்ட்ரா வாத்தியத்தில் நிஜமாகத் தேர்ந்தவள், பியானோ சுமார் என்றால் ஹெல்சின்கி. எங்கள் பெண் மூன்றாவது வகை. வியன்னாவை அழித்தாள். ஹெல்சின்கிக்கு விண்ணப்பம், வைமாருக்கும் விண்ணப்பம், வாரத்தில் மூன்று நாள் பியானோ வகுப்பு. ஃபிகாரோவின் அந்த இரண்டாம் அங்கம் அவள் போனில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நாங்களும் எங்களால் ஆனதைச் செய்தோம். எங்கள் கண்டக்டர் ஒரு செவ்வாய்க்கிழமை இடைவேளைக்குப் பிறகு இருபது நிமிஷம் அவளுக்கு விட்டுக்கொடுத்தார். அவள் கேட்டது பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கம். எல்லாருக்கும் தெரிந்த அந்த நாலு சுரம் உண்மையில் ஒரு மௌனத்தில் ஆரம்பிக்கிறது. சமத்தில் ஒன்றும் கிடையாது. அது தாண்டித்தான் மூன்று சுரம், பிறகு நீண்ட ஒன்று. நம் ஊர்க் கணக்கில் அனாகத எடுப்பு. கண்டக்டர் மௌனத்தின் மேல் கையை அடிக்க வேண்டும், நாங்கள் அதற்கு அப்புறம் பாய வேண்டும்.

முதல் தடவை அவள் கை விழுந்த இடத்திலேயே வயோலாக்கள் பாய்ந்துவிட்டார்கள், நாங்கள் தாமதம். இரண்டாம் தடவை பயந்துபோய் முன்னால் இரண்டு அடி சும்மா எண்ணிக் காட்டினாள். ஒன்றாக வந்தோம், ஆனால் அரிசி மூட்டை இறக்கிய மாதிரி வந்தோம். மூன்றாம் தடவை கையைத் தூக்கும்போது கூடவே அவள் மூச்சை இழுத்தது கடைசி வரிசையில் எனக்கே கேட்டது. என் வில் எப்போது நகர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

திரும்பும்போது டிராமில், நான் போனில் எடுத்திருந்த வீடியோவை வாங்கிச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாள். கை மட்டும் தெரிந்தது. மூன்றாம் தடவை வந்த இடத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓட்டினாள். நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.